மானேஜிங் டைரக்டருக்கும் 1,250, மில் தொழிலாளிக்கும் 1,250!

செப்டம்பர் முடியும்போதும் மார்ச் முடியும்போதும் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வரும் தொழிலாளிகள் அதிகம். "தோழரே, பி.எஃப். தெரியும், இ.எஸ்.ஐ. தெரியும். இந்தத் தடவை பி.டி. என்று போட்டு 1,250 ரூபாய் பிடித்திருக்கிறான். இது என்ன புதுப் பிடித்தம்?" என்று கேட்கிறார்கள். டைம் ஆபீசில் கேட்டால், "அது கவர்ன்மெண்ட் வரி. உனக்குச் சொன்னால் புரியாது" என்று பதில் வருகிறதாம்.

புரியாதா? புரிந்துவிட்டால் சும்மா இருக்கமாட்டான் என்ற பயம்தான்! ஆகவே இந்த வாரம் இந்த வரியை அக்கக்காகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

அதற்கு முன் இன்னொரு பேச்சையும் கவனிக்க வேண்டும். பெண்கள் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லாமல் போகிறார்கள் அல்லவா? கூலி வேலைக்குப் போகும் அம்மாள் அந்தப் பஸ்ஸில் ஏறினால் சில கனவான்களுக்கு வயிறு எரிகிறது. "எங்கள் வரிப்பணத்தில் இவர்கள் ஓசிச் சவாரி செய்கிறார்கள்" என்கிறார்கள். ஏழை வரி கட்டுவதில்லையாம்! வரி என்றால் வருமான வரி ஒன்றுதான் என்று இவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

அந்த அம்மாள் தன் செல்போனுக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் சுமார் 45 ரூபாய் ஜி.எஸ்.டி. ரேஷன் அரிசி போதாமல் கடையில் பையில் அடைத்துப் பெயர் அச்சிட்ட 10 கிலோ அரிசி வாங்கினால், 2022 ஜூலை 18-லிருந்து அதற்கும் 5 சதவிகிதம். குளியல் சோப்பு, தலை எண்ணெய், பற்பசை இவற்றின் மீதிருந்த 18 சதவிகிதத்தை 2025 செப்டம்பர் 22-ல் 5 ஆகக் குறைத்துவிட்டு, பெரிய தர்மம் செய்ததுபோல் தம்பட்டம் அடித்தார்கள். அதுவரை எட்டு வருஷம் குளிக்கவும் தலைக்குத் தேய்க்கவும் 18 சதவிகிதம் வாங்கியது எந்தக் கணக்கில் சேரும்? அதைத் திருப்பிக் கொடுத்தார்களா?

கடைக்காரரிடம் கொடுக்கும் காசில் வரி ஒளிந்துகொண்டிருக்கிறது. அதற்கு ரசீது காட்டிப் பெருமை பேச நமது ஜனங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தொழில் வரி யாருக்குப் போகிறது?

சம்பளச் சீட்டில் பி.டி. என்று இருப்பது தொழில் வரி. இது டில்லிக்கும் போவதில்லை, கோட்டைக்கும் போவதில்லை. நீங்கள் வேலை செய்யும் ஊரின் மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்தின் கஜானாவுக்குப் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அந்த ஆறு மாத வருமானத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். சம்பளக்காரர் என்றால் முதலாளி பிடித்துக் கட்டவேண்டும். கடை வைத்திருப்பவர், பட்டறை வைத்திருப்பவர் தாமே கட்டவேண்டும். ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி கிடையாது.

21,000 ரூபாய் என்றால் மாதம் 3,500! மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கிவிட்டாலும் அவன் வரி கட்டத் தகுந்த சீமான்! நடவுக்கும் களை எடுக்கவும் போகும் விவசாயத் தொழிலாளிக்கு ஆறு மாதத்தில் 60 நாள், நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 24,000 ரூபாய் ஆகிவிட்டது. வரப்பில் நிற்பவரிடம் யாரும் வந்து இதை வசூலிப்பதில்லை என்பது வேறு விஷயம். அதே ஆள் ஊரில் வேலை இல்லாமல் டவுனுக்கு வந்து காண்டிராக்டரிடம் சேர்ந்த அன்றே பிடித்தம் தொடங்கிவிடும்.

சென்னையில் நடந்தது

2024-ல் சென்னை மாநகராட்சி தொழில் வரியை உயர்த்தியது. எப்படி உயர்த்தியது என்பதைத் தொழிலாளிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு மாதத்தில் 21,001 முதல் 30,000 வரை சம்பாதிப்பவருக்கு 135 ஆக இருந்தது 180 ஆயிற்று. 30,001 முதல் 45,000 வரை 315 ஆக இருந்தது 425 ஆயிற்று. 45,001 முதல் 60,000 வரை 690 ஆக இருந்தது 930 ஆயிற்று. சரி, அதற்கு மேலே? 60,001 முதல் 75,000 வரை 1,025 தான், மாற்றமில்லை. 75,000-க்கு மேல், அதாவது லட்சம் வாங்கினாலும் கோடி வாங்கினாலும், 1,250 தான். அங்கேயும் மாற்றமில்லை!

தோழர்களே, இந்தக் கணக்கை இன்னொரு தடவை படியுங்கள். மாதம் 10,000 ரூபாய்க்குக் குப்பை அள்ளும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு ஆறு மாதத்துக்கு 240 ரூபாய் கூடியது. மாதம் 10 லட்சம் வாங்கும் மானேஜிங் டைரக்டருக்குக் கூடியது பூஜ்யம்! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

மாதம் 13,000 ரூபாய் சம்பளம் உள்ள மில் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் அவர் வாங்குவது 78,000. கட்டுவது 1,250. அதாவது 100 ரூபாய்க்கு 1 ரூபாய் 60 காசு. டைரக்டர் ஆறு மாதத்தில் வாங்குவது 60 லட்சம். அவர் கட்டுவதும் அதே 1,250. 100 ரூபாய்க்கு 2 காசு! தொழிலாளி கட்டும் விகிதத்தில் அந்தக் கனவானும் கட்டவேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு 96,000 ரூபாய் கட்டவேண்டும். அப்படிக் கட்டச் சொல்லிப் பாருங்கள், நாடு அழிந்துவிட்டது, தொழில் ஓடிவிடும் என்று மறுநாளே ஓலம் கிளம்பும்.

"நாங்கள் என்ன செய்வது? அரசியல் சட்டம் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது" என்கிறார்கள் அதிகாரிகள். பாதி உண்மை. அரசியல் சட்டத்தின் 276-வது ஷரத்து, ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக்கூடாது என்கிறது. 1950-ல் அது 250 ரூபாயாக இருந்தது. 1988-ல் 60-வது திருத்தம் கொண்டுவந்து 2,500 ஆக்கினார்கள். அதன் பிறகு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரிசி விலை, பஸ் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. பணக்காரனுக்குப் போட்ட 2,500 வேலி மட்டும் அசையாமல் நிற்கிறது. அதை 12,000 ஆக்கலாம் என்று 14-வது நிதிக் கமிஷன் சிபாரிசு செய்தது. சிபாரிசு அலமாரியில் தூங்குகிறது. அந்நியத் தொழிலாளிக் கூட்டம் கேட்ட கோரிக்கை அல்ல அது; சர்க்கார் தானே நியமித்த கமிஷன் சொன்னது!

ஆனால் நாம் கேட்பது இது. மேலே ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, சரி. கீழே ஏற்றச் சொல்லி எந்த 276 கட்டாயப்படுத்தியது? 21,000 வரம்பை உயர்த்தக்கூடாது என்று அரசியல் சட்டத்தில் எந்த வரியில் எழுதியிருக்கிறது? உச்சிக்குக் கை எட்டவில்லை என்பதற்காக அடியில் இருப்பவன் மடியில் கை விடுவதா?

"180 ரூபாய்தானே, நாலு நாள் டீக்காசு" என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதாடினார். அவர் சொல்வதில் மிகையில்லை. 45 ரூபாய் கூடியதால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. அதை நாம் பெரிதாக ஊதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் 930-ம் 1,250-ம் டீக்காசு அல்ல. பிடித்தம் வரும் மாதத்தில் 13,000 சம்பளத்தில் 1,250 போனால், அந்த மாத மளிகைப் பாக்கி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது என்பது கணக்கு நோட்டு வைத்திருக்கும் மளிகைக்கடைக்காரருக்கே தெரியும்.

ஊர் மன்றங்களுக்குப் பணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் நமது சேரிகளுக்கும் குடியிருப்புகளுக்கும்தான் முதலில் வேண்டும். யாரிடம் வாங்குவது என்பதுதான் தகராறு.

ஓசூரும் அத்திப்பள்ளியும்

பக்கத்து ராஜ்யத்தைப் பாருங்கள். கர்நாடகத்தில் 2023 ஏப்ரலிலிருந்து மாதம் 25,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் வாங்குபவருக்குத் தொழில் வரியே கிடையாது. அங்கே ஆட்சி செய்பவர்கள் பாட்டாளிகள் அல்ல, புரட்சியும் நடந்துவிடவில்லை. ஆயினும் வரம்பை உயர்த்த முடிந்திருக்கிறது. மாதம் 20,000 வாங்கும் தொழிலாளி அத்திப்பள்ளியில் வேலை செய்தால் வரி இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூரில் அதே மெஷினில், அதே 20,000-க்கு வேலை செய்தால் ஆறு மாதத்துக்கு 1,250 வரை போகும். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? சட்டசபையில் இருப்பவர்கள் பதில் சொல்லட்டும்.

சின்னக் கடைக்காரர் கேட்பது

சங்க ஆபீசுக்குப் பெட்டிக்கடைக்காரர்களும் நாலு தறி வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு மூன்று விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. தொழில் வரி வேறு, கடை நடத்த மாநகராட்சி கொடுக்கும் தொழில் உரிமத்துக்கான கட்டணம் வேறு, ஜி.எஸ்.டி. வேறு. ஒன்றைக் கட்டிய ரசீது மற்றொன்றுக்குச் செல்லாது.

சரக்கு மட்டும் விற்கும் கடைக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. கூலிக்குத் தறி ஓட்டுவது, ரிப்பேர் வேலை, ஓட்டல் இவற்றுக்கு 20 லட்சம். சட்டம் இப்படி. நடப்பது என்ன? நூல் கொடுக்கும் பெரிய வியாபாரி, "நம்பர் இருந்தால்தான் ஆர்டர்" என்கிறான். அவன் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள அவனுக்குப் பில் வேண்டும். வரம்புக்குள் இருக்கும் தறிக்காரர் வேறு வழியின்றிப் பதிவு செய்து, மாதாமாதம் கணக்கு எழுத ஆடிட்டருக்குக் கூலி கொடுக்கிறார். நாள் தவறினால் அபராதம். சலுகை காகிதத்தில், சுமை தலையில்.

1.5 கோடி வரை விற்பனை உள்ள வியாபாரி காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து 1 சதவிகிதம் கட்டிவிடலாம். ஓட்டலுக்கு 5 சதவிகிதம். அதைத் தன் லாபத்திலிருந்துதான் கட்டவேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி. என்று தனியாகப் போட்டு வாடிக்கைக்காரரிடம் வாங்கக்கூடாது. காம்போசிஷன் போர்டு தொங்கும் ஓட்டலில் சாப்பாட்டுப் பில்லில் வரி சேர்த்திருந்தால், நமது தொழிலாளிகள் தைரியமாகக் கேட்கலாம்.

1939-ல் ராஜாஜி மந்திரிசபை விற்பனை வரியைக் கொண்டுவந்தபோது வர்த்தகர்கள் கொதித்தெழுந்தார்கள். பெயர் மாறி மாறி 2007-ல் வாட் ஆயிற்று, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. ஆயிற்று. கடைக்காரர் சர்க்காரின் சம்பளமில்லாத குமாஸ்தா. பணம் கொடுப்பவன் வாங்கித் தின்பவன். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும்போது, மேலே என்ன நடந்தது? 1985-ல் எஸ்டேட் வரியை எடுத்தார்கள். 2015 பட்ஜெட்டில் சொத்துக்கள் மீதான செல்வ வரியை எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்கள். புதிய உற்பத்திக் கம்பெனிக்கு 15. இதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே அன்று சொன்னார். அந்தக் கம்பெனிகளைப் பார்த்து "ஓசிச் சவாரி" என்று எந்தக் கனவானும் பஸ்ஸில் பேசக் காணோம்!

கிளைகள் செய்யவேண்டியது

நகர மன்றங்களில் நமது தோழர்களும் இருக்கிறார்கள். வரித் தீர்மானம் வரும்போது அட்டவணையைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கை தூக்க வேண்டும் என்று அவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறோம்.

சங்கக் கிளைகள் தங்கள் ஊர்த் தொழில் வரி அட்டவணையை அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஊருக்கு ஊர் ரூபாய்க் கணக்கு கொஞ்சம் மாறும், உச்சவரம்பு மாறாது. காண்டிராக்டர் பிடித்த பணம் கஜானாவில் சேர்ந்ததா என்று ரசீது கேளுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விழுங்கும் ஆசாமிகள் உண்டு. மாதம் 25,000 வரை சம்பளத்துக்குத் தொழில் வரி கூடாது, 2,500 உச்சவரம்பைப் பார்லிமெண்ட் திருத்த வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் மகஜராக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெட்டிக்கடைக்காரர்களிடமும் வாங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது செப்டம்பர், மார்ச் மாதச் சம்பளச் சீட்டுகளைக் கையோடு கொண்டு வாருங்கள்.