யோக வியாபாரம்

செல்வம் யோகத்தால் வருவது, யோகமோ நல்லவனைத் தேடி வருவது என்னும் நம்பிக்கை, மீன்சுருட்டிக் கடைவீதியில் தேநீர் அருந்தும் முந்திரி விவசாயி முதல் சென்னைத் தனவந்தர் வரை யாவராலும் கேள்வியின்றி ஏற்கப்பட்டிருக்கிறது. இது நம் முன்னோரின் விதிக்கோட்பாடே என்று சமாதானம் கூறுவோர் உண்டு. பழைய விதியோ, கிடைக்காததைப் பொறுத்துக்கொள் என்றது. இன்றைய யோகம், கிடைத்தாலும் கிடைக்கும் என்று ஆசை காட்டிக் காசு கேட்கிறது.

1968இல் தமிழக அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. 2003இல் அதே தமிழக அரசே அதைத் தடை செய்தது. குலுக்கலுக்கு முன்பே பரிசுப் பணமும் முகவர் கமிஷனும் போக மிஞ்சும் லாபம் இவ்வளவென்று நிச்சயமாகிவிடும் அவ்வியாபாரத்தில், அதிர்ஷ்டத்தை நம்பாத ஒரே ஆசாமி சீட்டை அச்சிட்டவர்தான். சீட்டு போயிற்று, அட்சய திருதியை நாளில் நகைக்கடை வாசலில் நிற்கும் கூட்டம் போகவில்லை.

அப்படியானால் தற்செயல் என்பதே இல்லையா? உண்டு. பூத்த முந்திரியைப் பனிமூட்டம் கருக்கும், வானம் பொய்க்கும். அந்த நிச்சயமின்மைக்கு மீன்சுருட்டி வட்டாரம் கண்ட மறுமொழி, கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்னும் பொன்னேரி. மன்னன் தன் கீர்த்திக்காகவே வெட்டினான் என்றாலும், எவனுடைய ஜாதகத்தையும் பார்த்து ஏரி நீர் பாய்வதில்லை.

வானத்து மழையைப் பற்றி இவ்வளவு தெளிவு கொண்டிருந்த சமூகம், மண்ணுக்கடியில் கிடப்பதைப் பற்றிச் சினிமாவிடம் பாடம் கேட்கலாயிற்று. 1999இல் வெளிவந்த 'படையப்பா'வில், சொத்தை இழந்த உத்தமனுக்கு எஞ்சிய நிலத்தில் கிரானைட் இருக்கிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் அவன் கோடீஸ்வரன். கல்லை வெட்டியவர்களின் கூலியைப் பாட்டு சொல்வதில்லை. அதே தசாப்தத்தில், ஜயங்கொண்டம் வட்டாரத்து விவசாயிகளின் நிலத்தடியிலும் பழுப்பு நிலக்கரி இருந்தது, அவர்களும் உத்தமர்களே. அனல்மின் திட்டத்துக்கென்று நிலம் எடுக்கப்பட்டது, இழப்பீடு போதாதென்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர், மின்நிலையமோ எழவேயில்லை, இறுதியில் நிலத்தைத் திருப்பித் தர அரசே முன்வந்தது. யோகம் அவர்களைத் தேடி வராமல் போயிற்று என்று சொல்வது எளிது. ஆயினும் நீதிமன்றத்தில் அவர்கள் முறையிட்டது யோகத்தைக் கேட்டன்று, தங்கள் நிலத்துக்கு நியாயமான விலையைக் கேட்டு.