ஜூனியர் வழக்கறிஞர்களின் உதவித்தொகையைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மாவட்ட, வட்ட நீதிமன்றங்களில் தொழில் புரியும் இளம் வழக்கறிஞர்களின் சங்கம்.

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில், சென்னை.

நகல்: செயலாளர், சட்டத் துறை, தமிழ்நாடு அரசு.

பொருள்: ஜூனியர்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையைக் கட்டாய விதியாக்குவது, சேர்க்கை முறையைச் சீர்செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. தாமே வணிகம் நடத்தவும் கூடாது. தொழிலின் சுதந்திரத்தைக் காக்க இந்திய பார் கவுன்சில் வகுத்த இந்த 49, 47ஆம் விதிகளை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கட்சிக்காரர்கள் தேடி வராத தொடக்க ஆண்டுகளில் ஒரு ஜூனியர் எதைக் கொண்டு வாழ்வார் என்பதற்கு அந்த விதிகளில் பதில் இல்லை. பிற வருமான வழிகளை அடைக்கும் அதிகாரம் எந்த அமைப்பிடம் இருக்கிறதோ, எஞ்சிய ஒரே வழியில் உழைப்பவருக்கு ஊதியம் கிடைக்கச் செய்யும் கடமையும் அந்த அமைப்பையே சேரும். இம்மனுவின் அடிப்படை இதுதான்.

இந்தக் கடமை கொள்கையளவில் ஏற்கப்பட்டுவிட்டது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் வழங்க வேண்டும் என்று தங்கள் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 ரூபாய் என்று பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரையை மீறினால் கேட்பாரில்லை. வாய்தா வாங்குவதும், மனுக்கள் தயாரிப்பதும், பிரமாண வாக்குமூலம் வரைவதும் அலுவலகத்துக்குக் கட்டணம் ஈட்டித் தரும் வேலைகளே. அவற்றைச் செய்பவரின் பங்கு மட்டும் சீனியரின் மனப்போக்குக்கு விடப்படுகிறது. அலுவலகத்தில் இடம் கிடைப்பதும் அறிமுகத்தைப் பொறுத்தே அமைவதால், குடும்பத்தில் வழக்கறிஞர் இல்லாத முதல் தலைமுறையினர் இரண்டு முறை பின்தங்குகிறார்கள். உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் தொழில் தேவை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு இதன் விளைவு இன்னும் கடுமையானது. மூன்றாண்டு வருமானமின்றித் தாக்குப்பிடிக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே நீதிபதி இருக்கையும் எட்டும் என்றாகிவிடும்.

ஜூனியர் கற்றுக்கொள்ள வருபவர், இங்கே முதலாளி தொழிலாளி உறவு இல்லை, ஆகவே ஊதியம் கேட்பது முறையன்று என்று சிலர் கூறுகிறார்கள். இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. பாரிஸ்டரிடம் பயிற்சி பெறுபவர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் வரமாட்டார் என்று 2000ஆம் ஆண்டில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆயினும் 2003 முதல் பயிற்சியாளருக்குக் குறைந்தபட்சத் தொகை தந்தே ஆக வேண்டும் என்று பாரிஸ்டர்களின் அமைப்பே விதி செய்தது. அதனால் அவர்கள் யாருக்கும் ஊழியராகிவிடவில்லை. நாங்களும் சம்பள அடிமைத்தனத்தைக் கேட்கவில்லை. உதவித்தொகை பெறும் ஜூனியர் தம் பெயரில் வக்காலத்து தாக்கல் செய்யும் உரிமையை இழக்கக் கூடாது. தனித்து நிற்கும் நாளுக்கு அவரைத் தயார்செய்வதே இந்தத் தொகையின் நோக்கம்.

வட்ட நீதிமன்றங்களில் சீனியர்களுக்கே வருமானம் குறைவு என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. அந்தச் சுமை முழுவதையும் அவர்கள் தலையில் வைக்கச் சொல்லவில்லை. கேரளம் 2021இல் விதி வகுத்து, வருமானம் குறைந்த இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வரை வழங்க வழிசெய்தது. ஆந்திரம் 2019இல் மூன்றாண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் 2020இல் வந்த திட்டம் 3,000 ரூபாயோடும் இரண்டாண்டோடும் நின்றது. சீனியரால் இயலாத பகுதியை அரசும் வழக்கறிஞர் நல நிதியும் ஏற்றால் இந்த மறுப்பு வலுவிழக்கும். கட்டாயப்படுத்தினால் ஜூனியர்களையே சேர்க்க மாட்டார்கள் என்ற அச்சமும் நிலைக்காது. ஒரே காலையில் மூன்று நீதிமன்றங்களில் வழக்கு உள்ளவருக்கு ஜூனியர் இல்லாமல் தொழில் நடக்காது.

ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. குறைந்தபட்ச உதவித்தொகையை வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49ஆம் பிரிவின்கீழ் நடத்தை விதியாக்கும்படி இந்திய பார் கவுன்சிலை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

2. தொகை, பணி நேரம், சொந்த வழக்கு நடத்தும் உரிமை ஆகியவற்றைக் குறிப்பிடும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும்.

3. ஜூனியர் தேவைப்படும் அலுவலகங்களின் பட்டியலைக் கவுன்சில் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பாலினமோ சாதியோ பாராமல் சேர்க்கை நடக்க வேண்டும்.

4. வருமானம் குறைந்த சீனியர்களிடம் பணிபுரிவோருக்கு குறையும் தொகையை மூன்றாண்டு வரை அரசும் நல நிதியும் ஈடுசெய்ய வேண்டும்.

5. புகார் அளிப்பவரின் பெயரை வெளியிடாமல் விசாரிக்கும் குழு ஒன்றை மாவட்டந்தோறும் அமைக்க வேண்டும்.

இவற்றைக் கவுன்சிலின் அடுத்த கூட்டத்தில் விவாதப் பொருளாக்கி, எங்கள் பிரதிநிதிகளுக்கும் கருத்துரைக்க வாய்ப்பளித்து, எடுக்கப்படும் முடிவை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்