குழந்தைகளையும் கூட்டிச் செல்லுங்கள்!

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் தயார். விசாவும் வந்துவிட்டது. பெட்டியில் புளியும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் ஏறிவிட்டன. கடைசியில் ஒரே ஒரு கேள்வி மட்டும் மிஞ்சி நிற்கிறது.

"குழந்தைகளை என்ன செய்வது?"

சேலம், நாமக்கல் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "ஹாஸ்டல்தான் இருக்கிறதே! சேர்த்துவிட்டு நிம்மதியாகப் போய் வாருங்கள்" என்பார் மாமனார். "படிப்பு கெடக் கூடாது" என்பார் பெரியப்பா. "அந்தக் குளிரும் அந்தச் சாப்பாடும் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது" என்பார் பாட்டி.

விடுதியோடு கூடிய பள்ளிகளுக்குப் பெயர்போன ஊர் நாமக்கல். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமும் அப்படியே. தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். வெளியூர்க்காரர்களே நம்பிச் சேர்க்கும்போது, உள்ளூர்க்காரர்கள் சேர்ப்பதில் வியப்பென்ன?

ஆனால் இந்தப் பதில் சரிதானா?

சரியல்ல என்பதே என் அபிப்பிராயம். அதற்குச் சாட்சி தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நாமக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிறதே, கொல்லிமலை! அந்த மலைமேல் ஒரு சாட்சி இருக்கிறது.

மலைமேல் ஒரு குடும்பம்

நம் ஊரார் வெளிநாடு போவதற்கு வெகுகாலம் முன்பே, வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று நம் ஊருக்கு வந்து குடித்தனம் செய்தது. கணவர் ஜெஸ்ஸி பிராண்ட். மனைவி எவெலின். இருவரும் இங்கிலாந்து நாட்டவர். கிறிஸ்தவ மத ஊழியர்கள். 1913-ம் ஆண்டில் சேந்தமங்கலத்தில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. பிறகு மணமக்கள் கொல்லிமலை ஏறினார்கள்.

இன்று அந்த மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு போகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மேலே போய்விடலாம். அன்று இருந்தது செங்குத்தான மலைப்பாதை. காலால் நடக்க வேண்டும். முடியாதவர் டோலியில் போக வேண்டும்.

1914-ல் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பால். அடுத்து ஒரு பெண் குழந்தை, கான்னி. இரண்டும் கொல்லிமலையில்தான் வளர்ந்தன.

மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. டாக்டர் என்றால், கொஞ்சம் வைத்தியம் படித்துவிட்டு வந்திருந்த அப்பாதான்! மலைவாசிகளின் காலில் நரம்புச் சிலந்திப் புழு புறப்படும். ஜெஸ்ஸி அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றிப் பொறுமையாக வெளியே எடுப்பார். பல் வலி என்று வந்தால் பல்லும் பிடுங்குவார். தச்சு வேலை தெரிந்தவர். வீட்டையும் தாமே கட்டினார்.

குழந்தைகளுக்கு அம்மாதான் வாத்தியாரம்மாள். பையனுக்கோ தரையில் உட்கார்ந்து படிக்கப் பிடிக்காது. மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் பாடம் எழுதுவானாம். அப்பாவோடு காட்டில் நடப்பது இன்னொரு பாடம். கறையான் புற்றும் பறவைக் கூடும்தான் புத்தகங்கள்.

கஷ்டமும் இருந்தது. மலேரியாக் காய்ச்சல் அந்தக் குழந்தைகளை விடவில்லை. ஒரு நாள் தொழுநோயாளிகள் மூவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். தாய் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டாள். தந்தை கையுறை போட்டுக்கொண்டு, அவர்கள் கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். உள்ளேயிருந்து சிறுவன் பால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்த கடிதங்கள்

1923-ம் ஆண்டு. பாலுக்கு வயது ஒன்பது. குடும்பம் மலையிலிருந்து இறங்கி, ரயிலேறி, கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. குழந்தைகளுக்கு அது பெரிய உல்லாசப் பயணம். ஆனால் விடுமுறை முடிந்து, அப்பாவும் அம்மாவும் மட்டும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். பாலும் கான்னியும் லண்டனில் பெரியம்மாமார் வீட்டில் தங்கினார்கள். எதற்காக? படிப்புக்காக!

மலைக்கும் லண்டனுக்கும் இடையே கடிதம்தான் பாலம். கப்பலில் வந்துசேர வாரக்கணக்காகும். மகன் மலையை மறந்துவிடக் கூடாது என்று மரங்களையும் பறவைகளையும் பற்றித் தந்தை எழுதுவார்.

1929-ம் ஆண்டு ஜூன் மாதம், கடுமையான மலேரியாவின் விளைவாக வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். வயது 44. லண்டனுக்குத் தந்தி பறந்தது. தந்தி வேகமாகப் போய்விட்டது. கடிதங்கள் மெதுவாகத்தானே போகும்? அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், அப்பா எழுதிய கடிதங்கள் அந்தப் பதினான்கு வயதுப் பையனுக்கு வந்துகொண்டே இருந்தன!

ஒன்பது வயதில் பிரிந்தவன் தந்தையை மறுபடி பார்க்கவே இல்லை. பிற்பாடு தாய் இங்கிலாந்து வந்தபோது, துயரத்தால் முதுமை தட்டியிருந்த அவளைக் கண்டு திடுக்கிட்டுப் போனான்.

படிப்புக்காகக் கொடுத்த விலை இது.

"அதனால் என்ன? பையன் பெரிய டாக்டராகிவிட்டானே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மனைவி மார்கரெட்டும் ஒரு டாக்டர். இரண்டு சிறு குழந்தைகளோடு அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மீண்டும் அசைவு கொடுத்தவர் பால். உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். டாக்டர் பட்டம் லண்டனில் கிடைத்தது. அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வர வேண்டும், தொழுநோயாளியின் கையைத் தொட வேண்டும் என்ற மனம் எங்கே கிடைத்தது? கொல்லிமலையில், அப்பாவின் பக்கத்தில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் அல்லவா அதற்கு விதை விழுந்தது!

சீனாவிலும் இதே கதை

அந்தக் காலத்தில் இது வெள்ளைக்காரக் குடும்பங்களின் பொது வழக்கம். லண்டன் மிஷன் என்ற பெயர் சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 1827-லேயே சேலத்தில் வேலை தொடங்கிய சங்கம் அது. அதே சங்கம் சீனாவுக்கும் குடும்பங்களை அனுப்பியது. அப்படிப் போன ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்தில், 1902-ல் தியான்ஜின் நகரில் பிறந்தவர் எரிக் லிடல்.

சுமார் ஆறு வயதில் எரிக்கையும் அவர் அண்ணனையும் லண்டன் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பெற்றோர் சீனா திரும்பினார்கள். மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்றே நடந்த பள்ளி அது! எரிக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். மறு ஆண்டே சீனாவுக்குத் திரும்பினார். 1941-ல் போர் நெருங்கவே, கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். 1945-ல் ஜப்பானியரின் காவல் முகாமில் இறந்தார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. தந்தையிடமிருந்து விலகி வளர்ந்தவர், தந்தையாகித் தம் குழந்தைகளையும் பிரிய நேர்ந்தது.

இதற்கு நேர்மாறாக ஒரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். பெர்ல் பக் அம்மையார் 1892-ல் அமெரிக்காவில் பிறந்தவர். சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் சீனாவுக்குத் தூக்கிச் சென்றார்கள். ஜென்ஜியாங் நகரில் சீன ஆயா வளர்த்தாள். சீன ஆசிரியர் பாடம் சொன்னார். தெருக் குழந்தைகளோடு சீன மொழியில் விளையாடினாள் அந்தச் சிறுமி. சீனக் குடியானவர்களைப் பற்றி அவர் எழுதிய 'தி குட் எர்த்' நாவல் 1931-ல் வெளிவந்தது. 1938-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாய் தந்தையோடு அந்த மண்ணில் வளர்ந்ததால் கிடைத்த செல்வம் அது.

இதையும் மறைக்கக் கூடாது: பெர்லின் பெற்றோருக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் நான்கு சிறு வயதிலேயே இறந்துவிட்டன. குழந்தைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பயந்தார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடமும் இல்லை. வேறு வழி தெரியாமல் அனுப்பினார்கள்.

நமக்கு என்ன சாக்கு?

இன்று அந்தக் காரணங்கள் எங்கே? தடுப்பூசி இருக்கிறது. ஆகாய விமானம் இருக்கிறது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் நம் நாட்டுப் பாடத்திட்டத்தை நடத்தும் பள்ளிகளே இருக்கின்றன. சீனாவின் குவாங்சோ, ஈவு போன்ற வணிக நகரங்களிலும் இந்தியக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வாழ்கின்றன.

"தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே!" என்று சொல்லக்கூடும். பார்க்கலாம், பேசலாம். காய்ச்சலில் கொதிக்கும் நெற்றியில் கை வைக்க முடியுமா? இருட்டில் பயந்து விழிக்கும் குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ள முடியுமா?

எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. கடன் அடைக்க வளைகுடாவுக்குப் போகும் கூலித் தொழிலாளிக்குக் குடும்ப விசாவே கிடைப்பதில்லை. போர்வெல் வண்டியோடு மாநிலம் மாநிலமாகச் சுற்றும் திருச்செங்கோட்டுக்காரர் குழந்தையை வண்டியிலா ஏற்ற முடியும்? அவர்கள் பிரிவை மனத்தில் அடக்கிக்கொண்டு உழைக்கிறவர்கள். என் பேச்சு, கூட்டிச் செல்ல வசதியிருந்தும் மார்க்குக்குப் பயந்து விட்டுச் செல்கிறவர்களைப் பற்றியது.

அழைத்துச் சென்றால் கஷ்டம் இருக்காதா? இருக்கும். புது ஊரில் முதல் சில மாதங்கள் குழந்தை அழும். சாப்பாடு பிடிக்காது. சீனாவில் சாதாரணப் பள்ளியில் சீன மொழியில்தான் பாடம். சர்வதேசப் பள்ளியில் கட்டணம் கண்ணைக் கட்டும். ஊர் திரும்பும்போது ஒரு வகுப்பு பின்தங்கவும் நேரலாம். ஒரு வகுப்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். ஆறு வயதில் அப்பாவோடு இருக்கும் ஓர் ஆண்டைப் பதினாறு வயதில் பிடிக்க முடியாது.

கூட்டிப் போனால் மட்டும் போதாது. அடுக்குமாடி வீட்டுக்குள் பூட்டி வைத்து, எந்நேரமும் டெலிவிஷனைப் போட்டுவிட்டால், கூட்டிப் போயும் பயனில்லை. சந்தைக்கு அழைத்துப் போங்கள். காய்கறிக்காரியிடம் அந்த ஊர் மொழியில் விலை கேட்க விடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு விளையாட விடுங்கள். விடுமுறையில் ரயிலேறி அந்த நாட்டைச் சுற்றிக் காட்டுங்கள். வீட்டுக்குள் மட்டும் தமிழே பேசுங்கள். இரண்டு மொழியும் குழந்தைக்கு வரும். குழந்தையின் நாக்கு நம் நாக்கைப் போல முரண்டு பிடிக்காது.

தாத்தா பாட்டியை என்ன செய்வது என்பீர்கள். ஆண்டுக்கொரு முறை குழந்தைகளை ஊருக்குக் கூட்டி வாருங்கள். முடிந்தால் பெரியவர்களையும் ஒரு மாதம் அங்கே அழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவெலின் அம்மையார் 1974-ல், 95 வயதில் காலமானார். கணவர் புதைக்கப்பட்ட கொல்லிமலையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். மகன் பால் 2003-ல் மறைந்தார். அந்தக் காலத்துப் பெற்றோருக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது: வேலையா, குழந்தையா?

நமக்கு இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழியிருக்கிறது. விசாவுக்கு மனுப் போடும்போது, குழந்தையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.