சாக்கில் கட்டிய புண்ணியம்

ஆங்கிலவழிப் பள்ளியில் நாம் பயின்ற காலத்தில், குளிர்காலம் என்றால் கூரையின்மேல் வெண்பனி விழுவது என்று மனனம் செய்தோம். நம் நாட்டிற்கும் ஒரு குளிர்காலம் உண்டென்பதை எந்தப் பாடப்புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலைதோறும் கொட்டும் மழையே அக்குளிர்காலம். கம்பளி வேண்டாத நமக்கு அது குளிரே அன்று. ஈரத்தில் கிடக்கும் ஒருவாரப் பூனைக்குட்டிக்கோ அதுவே மரணம்.

சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை, பங்சாரில் வசிக்கும் நம் பெரியம்மாள் மகளைக் காணச் சென்றிருந்தோம். அவரும் அண்டை வீட்டுப் பெண்கள் மூவரும் இரவு பத்து மணிக்குமேல் தெலாவி வீதிக் கடைகளின் பின்சந்துகளில் குடையும் கூண்டும் ஏந்தித் திரிந்தனர். ஊதியமும் இல்லை; பட்டமும் இல்லை; மேடையில் மாலை போடுவாரும் இல்லை. அன்றிரவு குப்பைத் தொட்டியருகில் ஓர் அரிசிச் சாக்கு கிடந்தது. அதன் வாய் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் ஐந்து குட்டிகள். அவற்றுள் மூன்று விறைத்துவிட்டிருந்தன.

"பாலைக் கொடுங்கள், அக்கா!" என்று பதறினோம். "முதலில் சூடு, தம்பி, பிறகுதான் பால்" என்றார் அவர். பிறந்த சில வாரங்கள் வரையில் பூனைக்குட்டியின் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாதாம். தாயின் வயிறே அதற்குக் கணப்பு. குளிர்ந்த உடலில் குடல் வேலை செய்யாது; அந்நிலையில் புகட்டும் பாலே அதனைக் கொன்றுவிடும். பசும்பாலோ வயிற்றோட்டத்தை உண்டாக்கும். ஆகவே வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றி அணைத்து, உடல் சூடேறிய பின்னரே குட்டிகளுக்குரிய மாவுப்பாலைக் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கொருமுறை இரவெல்லாம் ஊட்டுகின்றனர். ஈரத்துணியால் துடைத்துத் தூண்டினாலன்றிச் சிறுநீர் கழிக்கவும் இயலாத சிசுக்கள் அவை. தாய்ப்பூனை நாவினால் செய்யும் வேலையை நான்கு பெண்கள் உறக்கத்தை விட்டுச் செய்கின்றனர்.

நிற்க. அச்சாக்கைக் கட்டிய கை யாருடையது என்பதை நாம் அறியோம். ஆனால் நம்மவர் அத்தகைய முடிச்சைப் போடும் விதத்தை நன்கறிவோம். பூனையைக் கொன்றால் ஏழேழு ஜன்மத்திற்கும் பாவம் என்றும், பொன்னாற் பூனை செய்து தானம் கொடுத்தாலொழிய அது தீராது என்றும் நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே நம்மவர் கொல்லுவதில்லை. சாக்கிலோ பெட்டியிலோ போட்டு, மார்க்கெட்டுப் பக்கத்திலும் கோயில் வாசலிலும் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுகின்றனர். மழை கொல்லும், லாரி கொல்லும், பசி கொல்லும். வைத்தவர் கையில் மட்டும் பாவம் ஒட்டாது! இதுதான் நமது ஜீவகாருண்யம். அதே பூனை மறுநாட் காலையில் குறுக்கே போய்விட்டால், அபசகுனம் என்று வீட்டிற்குள் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகின்றோம். பாவத்தைக் குறித்து இத்தனை கணக்குப் போடும் நம் சமயபுத்தி, நோவைக் குறித்து ஏன் ஒரு கணக்கும் போடுவதில்லை என்பதே நமது கேள்வி.

இதை எழுதும் நாமும் குற்றமற்றவர்களல்லோம். நான்காண்டுகளுக்குமுன் நம் தோட்டத்து ஆபீசின் காகித அறையில் ஒரு பூனை மூன்று குட்டிகள் ஈன்றது. கிராணியாகிய நாமே அவற்றைப் பெட்டியிலிட்டு லாரி ஓட்டுநரிடம் கொடுத்து, "மார்க்கெட்டில் விட்டுவிடு, மீன் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்றோம். கண்ணே திறவாத குட்டிகள் மீன் தின்னுமா என்று நாம் யோசிக்கவில்லை. அன்றும் மழை. மூன்று நாள் அத்தாய் ஆபீசு வாசலில் கத்திக்கொண்டேயிருந்தது. ஒரு செம்பனைக் குலை குறைந்தாலும் சிவப்பு மையினால் காட்டும் நாம், அச்செலவை எந்தப் பேரேட்டிலும் பதியவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டது பூனையல்ல, நாம்.

இதில் நமக்குள்ள வெட்கம் மற்றவர்க்குள்ளதினும் அதிகம். பங்சாரே ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம் அல்லவா? பாலெடுத்துப் பிழைத்த நம் முன்னோர் வாழ்ந்த லயங்கள் நின்றவிடத்தில் இன்று மாளிகைகளும் கடைவீதிகளும் நிற்கின்றன. தோட்டம் விற்கப்பட்டு லயம் இடிக்கப்பட்டபோதெல்லாம், தேவையுள்ள வரையில் வைத்திருந்து, தேவை தீர்ந்ததும் வீதியில் விடுவது இன்னதென்று நம் ஜனங்கள் உடம்பினால் அறிந்திருக்கின்றனர். அவ்வாறு விடப்பட்டவர் பிறிதோருயிரை அவ்வாறே விடுவது தகுமா?

"மனிதருக்கே கதியில்லாதபோது பூனைக்கு என்ன உபசாரம்?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இக்கேள்வியைக் கேட்போர் மனிதருக்குத்தான் என்ன செய்துவிட்டனர் என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, படகு கொண்டுவந்த தொண்டர்கள் மனிதரையும் ஏற்றினர், அவர்தம் பூனைகளையும் ஏற்றினர். இரக்கம் ஒருவனுக்கு அளந்தால் மற்றவனுக்குக் குறைந்துபோகும் பங்கீட்டரிசியன்று.

"கருத்தடை செய்வது இயற்கைக்கு விரோதம்" என்பர் வேறு சிலர். சாக்கில் கட்டுவது இயற்கையோ? பூனையின் கர்ப்பகாலம் ஒன்பது வாரமே. நான்கைந்து மாதத்துக் குட்டியே சூல்கொள்ளக்கூடும். பால் கொடுக்கும் தாயும் மீண்டும் கருவுறும். ஆகவே பத்துக் குட்டிகளை மீட்டெடுப்பதற்குள் இருபது பிறந்துவிடும். சோறு வைப்பது மட்டும் புண்ணியமென்றெண்ணி, கருத்தடையைப் பற்றி நினையாதிருப்போர், அடுத்த மாரிக்குரிய சவங்களையே வளர்க்கின்றனர். பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது கத்தரித்து, பிடித்தவிடத்திலேயே விடும் முறை பல நாடுகளில் நடைபெறுகின்றது. நம் பங்சார்ப் பெண்கள் செய்வதும் அதுவே.

சட்டமும் இல்லாமலில்லை. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கொடுமை செய்வோருக்கு 20,000 வெள்ளிக்குக் குறையாமல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரையில் சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றது. ஆனால் இருளில் சாக்கை வைத்துவிட்டு நடப்பவனை எந்தக் காவலர் பிடிப்பார்? காப்பகங்களோ அடியற்ற கிணறுகளல்ல; ஒவ்வொரு வீடும் தன் பொறுப்பை அங்கே கொட்டினால் அவை மட்டும் என்ன செய்யும்?

அன்று மிஞ்சிய இரண்டு குட்டிகளில் ஒன்று விடியற்காலையில் மடிந்தது. மற்றதை நாம் கொண்டுவந்தோம். இப்போது அது கருத்தடை செய்யப்பட்டு, அதே காகித அறையில் எலிகளை விரட்டிக்கொண்டிருக்கின்றது. இதனால் நம் பழைய கணக்கு நேராகிவிட்டதென்று நாம் சொல்லவரவில்லை.

முல்லைக்குத் தேர் கொடுத்தவன் மரபென்று மேடைதோறும் முழங்கும் நம்மவரைத் தேர் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. வீட்டுப் பூனையை ஒருமுறை மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள் என்றே கேட்கின்றோம். அடுத்த மழை தொடங்குமுன் இதனைச் செய்வார்களாயின், பங்சார்ச் சந்துகளில் அலையும் அந்நான்கு பெண்களும் சில இரவுகளேனும் உறங்குவார்கள்.