மெடல் வந்தா போட்டோ! முட்டி பேந்தா யாரு?

பழவேற்காட்டுக் குப்பங்கள்ல விடியுமுன்னே அப்பாவோட ஏரியில வலை இழுத்துட்டு, பஸ் புடிச்சு பொன்னேரி காலேஜுக்கு ஓடுற பிள்ளைங்க இருக்காங்க. சாயங்காலம் கபடி. தெம்பு இருக்கு, ஷூ வாங்கத்தான் காசில்லை. முகத்துவாரத்தை மணல் மூடி மீன்பாடு குறைஞ்சா, வீட்டுல முதல்ல நிக்கிறது அந்தப் பிள்ளையோட முட்டையும் பாலும்தான்.

இன்ஜினியரிங் கவுன்சலிங்ல விளையாட்டு ஒதுக்கீடு 500 சீட். அரசு வேலையில 3 சதவீதம். நல்லது, வரவேற்கிறோம். நடுவுல இருக்குற காலேஜ் வருஷங்களுக்கு யார் பொறுப்பு? கோப்பை காலேஜுக்கு; அட்டெண்டன்ஸ் குறைஞ்சா தண்டனை பிள்ளைக்கு. அடிபட்டா ஆஸ்பத்திரி செலவு அப்பன் தலையில!

சாந்தி சௌந்தரராஜனை மறந்துட்டோமா? புதுக்கோட்டை செங்கல் சூளைக் குடும்பம். 2006 தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டர்ல வெள்ளி. பாலினப் பரிசோதனைன்னு பதக்கத்தைப் பிடுங்கினாங்க. மறுபடி சூளை வேலை. நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைக்கவே சுமார் 10 வருஷம்.

இன்னொரு சாந்தி வேண்டாம். நாம கேட்குறது நாலே நாலு:
✅ போட்டி நாளுக்கு வருகைப் பதிவு
✅ தவறின தேர்வுக்கு மறுதேர்வு
✅ சத்தான சாப்பாட்டுக்குப் படி
✅ காயத்துக்குக் காப்பீடு

இது சலுகை இல்ல மக்களே, உழைப்புக்குக் கூலி! உங்க ஊர் பிள்ளைக்காக ஷேர் பண்ணுங்க.

#பழவேற்காடு #விளையாட்டுமாணவர்உரிமை