ருசி பார்க்கச் சொல்வது எப்படி?

ஒரு கிண்ணத்தில் பலாப்பழ ஹல்வாவை வைத்து நீட்டி, "எப்படி இருக்கிறது, மாமி?" என்று கேட்டுப் பாருங்கள். "சகிக்கவில்லை" என்று எந்த மாமியாவது சொல்வாளா? "பேஷாக இருக்கிறதே!" என்பாள். விருந்துக்கு இந்தப் பதில் போதும். வியாபாரத்துக்குப் போதாது, சகோதரிகளே!

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, அண்ணாகிராமம் வட்டாரம் பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் போனது. சீஸனில் பழம் வந்து குவிகிறது; பழுத்ததோ நெடுநாள் தாங்காது. அதை ஹல்வாவாகவும் சிப்ஸாகவும் செய்து விற்கலாமே என்று அங்குள்ள பெண்களுக்குத் தோன்றுவது இயற்கை. சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி, பாத்திரம் வாங்கி, லேபிளும் அச்சடித்த பிறகு, "பேஷ்" போட்டவர்களே காசு கொடுத்து வாங்க வராவிட்டால்? மாதத் தவணையை யார் கட்டுவது?

இந்தச் சங்கடம் ராணுவத்துக்கே வந்ததுண்டு. சிப்பாய்களுக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்று அறிய, 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவத்தின் சிகாகோ உணவு ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் பெரியாம் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒன்பது படிகள் கொண்ட ஒரு அளவுகோலைத் தயாரித்தார்கள். மேல்படி, "மிக மிகப் பிடித்திருக்கிறது", அடிப்படி, "கொஞ்சமும் பிடிக்கவில்லை", நடுவில், "இரண்டும் இல்லை." சாப்பிடுகிறவர் ஒரு படியில் குறி போட்டால் போதும். உலகெங்கும் இன்றும் வழங்குவது இதுதான். நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1971-ல் உணவை ருசி பார்க்கும் முறைகளையும், அதற்கான மதிப்பீட்டுச் சீட்டுகளையும் வகுத்து வெளியிட்டது.

நீங்களும் ஒரு சீட்டுத் தயாரிக்கலாம். சில விஷயங்களை மட்டும் மறக்க வேண்டாம்.

"மணம் பிரமாதம்தானே?" என்று கேட்காதீர்கள். பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள். "மணமும் இனிப்பும் நன்றாக இருக்கின்றனவா?" என்பதும் தப்பு. மணம் பிடித்து இனிப்புத் திகட்டினால் பாவம், அவள் என்ன எழுதுவாள்? ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்.

மொத்தத்தில் பிடித்ததா என்பதை முதலில் கேளுங்கள். இனிப்பைப் பற்றி முதலில் கேட்டால், பிறகு அவள் நாக்கு இனிப்பையே தேடும். இனிப்புக்கு "குறைவு, சரி, அதிகம்" என்று மூன்று கட்டம் போதும்.

இரண்டு வகை ஹல்வா இருந்தால் ஒன்று, இரண்டு என்று பெயரிடாதீர்கள். ஒன்றாம் நம்பர்தான் உசத்தி என்று தோன்றிவிடும். 472, 815 என்று ஏதாவது எண் கொடுங்கள். பாதிப் பேருக்கு இதை முதலிலும், மீதிப் பேருக்கு அதை முதலிலும் கொடுங்கள். நடுவில் ஒரு வாய் தண்ணீர். பேச்சு வேண்டாம், சீட்டில் பெயரும் வேண்டாம்.

கணக்குப் பார்க்கும்போது சராசரியை மட்டும் நம்பாதீர்கள். இருபது பேரில் பத்துப் பேர் உச்சியிலும் பத்துப் பேர் அடியிலும் குறித்திருந்தால், சராசரி "இரண்டும் இல்லை" என்று வரும். உண்மையில் அப்படிச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை! உச்சியில் குறித்த அந்தப் பத்துப் பேர் யார், எந்த வயதினர் என்று பாருங்கள். உங்கள் சரக்கை வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.

சீட்டில் குறை எழுதியவளிடம் கோபம் வேண்டாம். கடன் வாங்குவதற்கு முன்பே உங்களை எச்சரித்தவள் அவள் ஒருத்திதான்.