கிடார் வாங்கப் போற நண்பா, கொஞ்சம் நில்லு!



நம்ம பள்ளியில் இப்போ சில பேருக்கு எலக்ட்ரிக் கிடார் ஆசை வந்திருக்கு. ஆசை தப்பில்லை. அவங்களுக்குக் கிடைக்கிற யோசனைதான் தப்பு என்பது என் கருத்து. "முதல்ல சாதா கிடார் கத்துக்கோ, ரெண்டு வருஷம் கழிச்சு எலக்ட்ரிக் வாங்கு." இதைச் சொல்லாத ஆளே இல்லை. கிடாரைத் தொட்டே பார்க்காத மாமாக்கள் கூடச் சொல்கிறார்கள்!

நான் மறுக்கிறேன். எந்தச் சத்தம் உனக்குப் பிடிக்குதோ அந்தக் கிடாரைத்தான் வாங்கணும். 1980-ல் வந்த 'மூடுபனி' படத்தில் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டின் கிடார்தான் உன்னைக் கட்டிப் போட்டது என்றால், தாராளமாகச் சாதா கிடார் வாங்கு. அதற்கு இசையமைத்த இளையராஜா, நாம தேவாரம் வழியா பஸ்ஸில் போனால் வருகிற பண்ணைப்புரத்துக்காரர். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் சென்னையில் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கிடார் வாசித்தவர். அதனால் "கிடார் நம்ம பக்கத்து வாத்தியமா?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

எலக்ட்ரிக்தான் வேணும்னா அதிலேயே ஆரம்பி. அதன் கம்பி மெல்லிசு, விரல் வலி குறைவு. ஆம்ப் போடாமல் வாசித்தால் பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேட்காது. சுவரோடு சுவர் ஒட்டின நம்ம தெருக்களில் இது எவ்வளவு பெரிய வசதி! "எலக்ட்ரிக்னா வெறும் இரைச்சல்" என்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கர்நாடக இசை வாசித்தது எலக்ட்ரிக் மாண்டலினில்தான். கிடார் பிரசன்னா கீர்த்தனைகளையே எலக்ட்ரிக் கிடாரில் வாசிக்கிறார்.

அது வேலை செய்யும் விதமும் நம்ம அறிவியல் பாடத்தில் இருக்கு. கம்பிக்குக் கீழே காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் உண்டு. இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலேதான்! அதனால் இதில் நைலான் கம்பி மாட்டினால் ஆம்பில் சத்தம் வராது.

இப்போ கடைக்குப் போவோம். பளபளப்பைப் பார்த்து மயங்காதே. நம்ம அம்மாக்கள் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குறவங்க. சாயம் ஏற்றின பச்சை எது, நல்ல காய் எது என்று தொட்டதும் சொல்லிடுவாங்க. அந்தக் கை சம்பாதித்த காசில் வாங்குகிற கிடாரை நாமும் அப்படித்தானே பார்க்கணும்? தலைப் பக்கம் கண்ணை வைத்து, கழுத்து நேரா இருக்கான்னு பார். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ப்ரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பார். கிர்ர்னு உரசினாலோ, கம்பி ரொம்ப உயரத்தில் நின்று விரலைக் கொன்றாலோ, சரி பண்ணித் தரச் சொல். மாட்டேன்னா எழுந்து வா. ஆம்பில் போட்டுக் குமிழைத் திருகு, கரகரப்பு வரக் கூடாது. சர்ச்சிலோ இன்னிசைக் குழுவிலோ வாசிக்கிற அண்ணன் ஒருத்தரைக் கூட்டிப் போனால் பாதிக் கவலை தீரும். அவர் நல்லாயிருக்குன்னு சொன்னால் பழைய கிடாரே போதும்.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் கிடாருக்கே கொடுத்துவிடாதே. சின்ன ஆம்ப், வயர், ஒரு செட் கம்பி எல்லாம் வாங்கணும். ஹெட்போன் மாட்டுகிற குட்டி ஆம்ப் இருந்தால் ராத்திரியும் வாசிக்கலாம். கரண்டில் ஓடுகிற ஆம்ப் என்றால் எர்த் உள்ள மூணு பின் பிளக்கில்தான் சொருகணும். மூணாவது பின்னை உடைத்துச் சொருகுகிற வேலை வேண்டவே வேண்டாம். கம்பியைத் தொட்டுக்கிட்டே வாசிக்கிறோம், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்!

மலை மேல எஸ்டேட்டில் இருக்கிறவங்க இன்னொன்று கவனிக்கணும். பனி ஈரத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். போடிமெட்டிலிருந்து கீழே வெயிலுக்குக் கொண்டு வந்தால் சுருதியும் மாறும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்து உறையில் போடு.

கற்றுக்கொள்ள அவசரம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரம் வாசிப்பதை விட, தினமும் கால் மணி நேரம் மேல். முதலில் சுருதி சேர்க்கப் பழகு. பிறகு இ மைனர், அதுக்கு ரெண்டே விரல் போதும். அது கைவந்த பிறகு ஜி. இந்த இரண்டுக்கும் நடுவே விரல் தயங்காமல் மாறும் வரை மூணாவதைத் தொடாதே. வேகமாக வாசிப்பவனைப் பார்த்துப் பொறாமையும் படாதே. முதல் மாசம் விரல் நுனி எரியும், அப்புறம் காய்த்துப் போகும். கம்பி அறுந்தாலும் பயப்படாதே. அறுவது பெரும்பாலும் மெல்லிய முதல் கம்பிதான், அதில் ஒன்று எப்பவும் பையில் உபரியா இருக்கட்டும்.